கைதியாய் நின்று படம் எடுத்த கூர்ட் கெரோன்

வானொலியில் மேனாட்டுப் பாடல்களைக் கேட்கும் வழக்கமுள்ள வாசகர்கள் ‘மக் த நைஃப்’ என்ற ஆங்கிலப் பாட்டை எப்போதாவது கேட்டிருப்பீர்கள். 1955 இல் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் 1959 இல் பொபி டாரினும் அதனை இசைத்தட்டிற் பாடி உலகெங்கும் பரப்பினார்கள். ஆனால் அது பிறந்தது அமெரிக்காவில் அன்று; ஜேர்மனியின் தலைநகரான பேர்ளினில். 1928 ஓகஸ்ட் 31 ஆந் திகதி இரவு, அங்குள்ள நாடகசாலையொன்றில், பருத்த உடலும் கரகரத்த குரலும் கொண்ட ஒரு நடிகர் தெருப்பாடகன் வேடத்தில் மேடைக்கு வந்து அதனை முதன்முதலாகப் பாடினார். அவருடைய பெயர் கூர்ட் கெரோன். பாடலை அறிந்த கோடிக்கணக்கானோரில் அதை முதலிற் பாடியவரின் முடிவை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவருடைய கதையைத்தான் இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம்.

கெரோன் 1897 மே 11 இல் பேர்ளின் நகரில், வசதியான யூத வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இயற்பெயர் கூர்ட் கெர்சன். மகனை வைத்தியனாகக் காணவேண்டுமென்பது வீட்டின் எண்ணம். அவரும் வைத்தியக் கல்வியைத் தொடங்கினார். முதலாம் உலக யுத்தம் குறுக்கிட்டது. ஜேர்மன் சேனையின் போர்வீரனாகச் சென்று படுகாயமுற்றார். தேறிய பின்னர் படையின் வைத்தியப் பிரிவிற் பணியாற்றினார். அக்காயத்தின் விளைவாகவே அவர் உடல் பின்னாளில் அளவுமீறிப் பருத்ததென்பர். தம் நாட்டுக்காக இரத்தஞ் சிந்திய மனிதர் இவர் என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நாடு அதை நினைவில் வைத்திருக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் வைத்தியத்தைக் கைவிட்டு 1920 இல் மேடையேறினார். அக்காலத்துப் பேர்ளினின் பெரும் நாடக நெறியாளரான மக்ஸ் ரைன்ஹார்ட்டின் அரங்கிலே பயின்றார். இரவுக் கேளிக்கை அரங்குகளிற் பாடினார், பகடி பேசினார். ஊமைப்படக் காலத்திலேயே திரைக்கும் வந்துவிட்டார். அழகான கதாநாயகன் வேடம் அவரைத் தேடி வரவில்லை. அது வரப்போவதுமில்லை என்பது அவருக்குத் தெரியும். கடைக்காரன், வழக்கறிஞன், சூதாட்ட மண்டப முதலாளி, போக்கிரி என்று சிறுசிறு வேடங்களாகவே ஏற்று, வந்து நிற்கும் இரண்டு நிமிடத்தில் சனங்களின் கண்ணைத் தம்பக்கம் இழுத்துவிடுவார். சீக்ஃபிரீட் ஆர்னோ என்ற ஒல்லியான நடிகரோடு சேர்ந்து, லோரல் - ஹார்டி இரட்டையரைப் போலச் சிரிப்புப் படங்களிலும் தோன்றினார்.

முதலிற் குறிப்பிட்ட அந்த நாடகம், பேர்டோல்ட் பிரெக்ட் எழுதிக் கூர்ட் வைல் இசையமைத்த ‘மூன்று காசு இசைநாடகம்’ என்பது. கெரோனுக்கு அதில் இரண்டு வேடங்கள்: தெருப்பாடகன் ஒன்று, பொலிஸ் தலைவன் மற்றது. கத்தியால் ஆட்களைத் தீர்த்துவிட்டு வெள்ளைக் கையுறையோடு உலாவும் மக்கி என்பவனைப் பற்றிய பாட்டு, நாடகம் அரங்கேறச் சில நாட்களே இருக்கையில் அவசர அவசரமாக எழுதிச் சேர்க்கப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றிப் பாடும் இசைப்பெட்டி முதலடியில் ஓசையே எழுப்பவில்லையாம். பக்கவாத்தியக்காரர் பின்னரே சேர்ந்துகொண்டார்கள் என்று அன்று மேடையில் நின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என்றாலும் நாடகம் பேர்ளினைப் பிடித்து உலுப்பிவிட்டது.

1930 ஏப்ரல் முதலாந் திகதி ‘நீல தேவதை’ என்னும் பேசும்படம் பேர்ளின் குளோரியா படமாளிகையில் முதன்முறை காட்டப்பட்டது. மார்லீன் டீட்ரிச்சை உலக நட்சத்திரமாக்கிய படம் அது. ஆட்டக்காரியின் மோகத்தில் விழுந்து பதவி, மானம் யாவையும் இழந்து கோமாளியாக மேடையேற்றப்படும் வயோதிபப் பேராசிரியர் ஒருவரின் கதை. அவரைக் கோமாளியாக்கிக் கூட்டத்துக்குக் காட்டிக் காசு சேர்க்கும் மந்திரவித்தைக்காரன், அந்நாடகக் குழுவின் முதலாளி, கீப்பெர்ட். அந்த வேடத்தில் நடித்தவர் கெரோன். சனங்களின் கைதட்டலுக்காக ஒரு மனிதனின் மானத்தைப் பறிக்கும் அப்பாத்திரத்தை அவர் எவ்வளவு இயல்பாகச் செய்தார் என்பதைப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

1931 தொடக்கம் அவர் ஊஃபா என்ற பெரிய படக் கம்பனியில் நெறியாளருமானார். எடுத்தவை பெரும்பாலும் வேடிக்கைக் கதைகளும் பாட்டுப் படங்களும். ‘வெள்ளைப் பிசாசு’ என்னும் 1932 ஆம் ஆண்டுப் படம் போதைப்பொருட் கும்பலைப் பற்றியது. ஹான்ஸ் ஆல்பெர்சும் பீட்டர் லோரேயும் அதில் நடித்தார்கள். காலத்தை வென்று நிற்குங் காவியங்கள் அவர் எடுத்தார் என்று சொல்வதற்கில்லை. வேலையை விரைவாய் முடிப்பவர், நடிகரை வேலைவாங்கத் தெரிந்தவர், கொட்டகையை நிரப்புபவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. கும்பலாய் நிற்கும் சனங்களை ஒரு சைகையில் ஆட்டுவிக்கும் அந்தத் திறமையே பின்னாளில் அவருக்குப் பகையாயிற்று.

1933 யனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் 29 ஆந் திகதி ஊஃபா கம்பனியின் நிர்வாகிகள் கூடி, யூத ஊழியர்களை விலக்குவதெனத் தீர்மானித்தார்கள். ஏப்ரல் முதலாந் திகதி யூதரின் கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி நாடெங்கும் கட்டளை பிறந்தது. அன்று கெரோன் படப்பிடிப்பு நிலையத்திலே தம் புதுப்படம் ஒன்றுக்கு நெறியாள்கை செய்துகொண்டிருந்தார். வேலையின் நடுவில் யூதர்கள் யாவரும் வெளியேறவேண்டுமெனச் சொல்லப்பட்டது. நெறியாளரே வெளியே நடந்தார். படத்தை வேறொருவர் முடித்தார். ‘நீல தேவதை’ முதன்முறை காட்டப்பட்டுச் சரியாக மூன்று ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

மனைவி ஒல்காவையும் வயதான பெற்றோரையும் அழைத்துக்கொண்டு அவர் பாரிஸ் சென்றார், பின்னர் வியன்னா, அதன்பின் ஒல்லாந்து தேசத்தின் அம்ஸ்டர்டாம். அவரைப் போல ஓடிவந்த கலைஞர்கள் பலர் ஐரோப்பாவிலே தங்காமல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பீட்டர் லோரே போனார். கூட நடித்த ஒல்லி ஆர்னோவும் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த நண்பர்கள் கெரோனையும் அழைத்துக்கொள்ள முயன்றார்கள். அவர் போகவில்லை. ஒல்லாந்தில் அவருக்கு வேலை இருந்தது, மதிப்பிருந்தது. முதலாம் யுத்தத்தில் நடுநிலை நின்று தப்பிய நாடு. இம்முறையும் தப்பும் என்றுதான் அங்கிருந்த எல்லோரும் நம்பினார்கள்.

அவர் ஒல்லாந்தில் எடுத்த படங்களுள் ஒன்று நம் வாசகர்களுக்குச் சிறப்பாகச் சொல்லத்தக்கது. 1936 இல் வெளியான ‘மெரைன்ச்சே கைசனின் இளமை’. ஒல்லாந்தின் தென்பகுதியான பிறபாண்ட் என்னும் கத்தோலிக்க நாட்டுப்புறத்திலே வாழும் பக்தியுள்ள ஏழைச் சிறுவன் ஒருவனுக்கும், களவாய் வேட்டையாடித் திரியும் ஒருவனுக்கும் இடையிலான நட்பே கதை. ஊரும், குருவானவரும், பாவசங்கீர்த்தனமும் பின்னணியாக அமைந்த ஒரு கத்தோலிக்கச் சிறுவனின் மனத்தை, நாடிழந்து வந்த ஒரு யூதர் படமாக்கினார். அவர் எடுத்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே என்று பலர் கருதுகின்றனர்.

1940 மே மாதம் ஜேர்மன் படைகள் ஒல்லாந்துக்குள் புகுந்து ஐந்தே நாளில் அதனைப் பணியவைத்தன. தப்பி ஓடியவரைத் துரத்தி வந்த கை எட்டிப் பிடித்துவிட்டது. அதே ஆண்டில் நாஸிகள் ‘நித்திய யூதன்’ என்ற இழிவான பிரசாரப் படத்தை வெளியிட்டார்கள். யூதர்கள் ஜேர்மன் கலையைக் கெடுத்தவர்கள் என்று காட்ட, கெரோன் முன்னர் நடித்த சிரிப்புக் காட்சிகளை வெட்டி எடுத்து அதில் ஒட்டியிருந்தார்கள். சனங்களைச் சிரிக்கவைக்க அவர் செய்த கோணங்கித்தனங்களே அவருடைய இனத்தவருக்கெதிரான சாட்சியமாக்கப்பட்டன.

அம்ஸ்டர்டாமில் ‘ஒல்லாந்து நாடகசாலை’ என்று பெயர்பெற்ற அரங்கு ஒன்று இருந்தது. 1941 இல் அதற்கு ‘யூத நாடகசாலை’ எனப் பெயர் மாற்றினார்கள். யூதர் நடிக்க, யூதர் மாத்திரம் பார்க்கலாம். கெரோனும் அங்கே மேடையேறினார். 1942 நடுப்பகுதியில் நாடகமும் நின்றது. வீதிகளிலும் வீடுகளிலும் பிடிபட்ட யூதக் குடும்பங்களை நாடு கடத்துமுன் அடைத்துவைக்கும் இடமாக அந்த மண்டபம் மாறியது. பிள்ளைகளை எதிரேயிருந்த குழந்தைகள் காப்பகத்திற் பிரித்து வைத்தார்கள். அங்கிருந்து பல நூறு சிறுவர்களைத் துணிந்த சிலர் கூடைகளிலும் பைகளிலும் மறைத்துக் கடத்திக் காப்பாற்றினார்கள் என்பதையும் இங்கே சொல்லாமற் போகக்கூடாது.

1943 இல் கெரோனின் தாயும் தந்தையும் போலந்திலுள்ள சோபிபோர் என்னும் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டு மாண்டார்கள். அதே ஆண்டில் அவரும் ஒல்காவும் ஒல்லாந்தின் வடகிழக்கே, வெட்டவெளியில் அமைந்த வெஸ்டர்போர்க் முகாமிற் சேர்க்கப்பட்டார்கள். இம்முகாமின் பெயர் உங்களிற் சிலருக்குப் பழக்கமாய் இருக்கலாம். ஒல்லாந்து ஆயர்கள் 1942 யூலையில் யூதர் நாடுகடத்தப்படுவதைக் கண்டித்துக் கோவில்களில் திருமுகம் வாசிக்கச் செய்ததற்குப் பழிவாங்கலாக, யூத குலத்திற் பிறந்து திருமறையிற் சேர்ந்தவர்களை நாஸிகள் பிடித்தார்கள். அப்போது கார்மேல் மடத்துக் கன்னியான புனித எடித் ஸ்டைன் அவர்களைக் கொண்டுவந்து வைத்ததும் இதே வெஸ்டர்போர்க் முகாமில்தான். அங்கிருந்துதான் அவரை அவுஷ்விட்சுக்கு அனுப்பினார்கள்.

வெஸ்டர்போர்க்கில் கிழக்கே செல்லும் புகைவண்டி பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளிற் புறப்படும். அந்த முகாமிலேயே ஒரு கேளிக்கை அரங்கும் நடந்தது என்றால் நம்புவீர்களா? பேர்ளினின் புகழ்பெற்ற நடிகர்களும் பாடகர்களும் கைதிகளாய் அங்கே இருந்தார்கள். மக்ஸ் ஏர்லிக் என்பவர் அவர்களுக்குத் தலைமை. முகாம் அதிகாரியான கெம்மெக்கர் முன்வரிசையில் அமர்ந்து இரசிப்பார். செவ்வாயன்று ஆட்களை அனுப்பிவைப்பவரும் அவரே. நடிகர்கள் எதற்காக ஆடினார்கள்? மேடையில் இருக்கும்வரை புகைவண்டிப் பட்டியலிற் பெயர் வராது என்ற நப்பாசையால். பசித்த கூட்டத்துக்கு இரண்டு மணிநேரச் சிரிப்பைக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நம்மால் இயலாது.

1944 பெப்ரவரியில் கெரோன் தம்பதியர் இன்றைய செக் நாட்டிலுள்ள தெரேசியன்ஸ்டாட்டுக்கு மாற்றப்பட்டனர். பெயரைக் கண்டு அர்ச்சியசிஷ்ட தெரேசம்மாளை நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரியப் பேரரசன் இரண்டாம் யோசேப்பு கட்டிய கோட்டைக்குத் தன் தாய் மரியா தெரேசாவின் பெயரை இட்டான். அக்கோட்டை நகரத்தை நாஸிகள் யூதர் சிறையாக்கி, அதுவொரு தனி யூதக் குடியிருப்பு என்று உலகுக்குப் பறைசாற்றினார்கள். யுத்தம் முடியும்வரை ஏறக்குறைய 1,40,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டனர். பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டோர் 33,000 அளவினர். இன்னும் 88,000 பேர்வரை கிழக்கே அனுப்பப்பட்டனர். அவர்களில் மிகச் சிலரே உயிரோடு திரும்பினார்கள்.

அங்கும் கெரோன் ஒரு கேளிக்கை அரங்கை நடத்தினார். அதற்கு ‘இராட்டினம்’ என்று பெயரிட்டார். மக்கியின் பாட்டை அங்கே மறுபடியும் பாடினார். மார்ட்டின் ரோமன் என்ற இசைஞரின் ஜாஸ் குழு கூட வாசித்தது.

இனி நாம் சொல்லவந்த விடயத்துக்கு வருவோம். 1944 யூன் 23 இல் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி ஒருவரும் டென்மார்க் அதிகாரிகள் இருவரும் தெரேசியன்ஸ்டாட்டைப் பார்வையிட வந்தார்கள். வருமுன் நாஸிகள் ஊரை அலங்கரித்தார்கள். சுவர்களுக்கு வர்ணம் பூசினார்கள், பூஞ்செடி நட்டார்கள், கோப்பிக் கடை திறந்தார்கள். சனநெருக்கம் கண்ணில் படக்கூடாதே! அதற்காக மே மாத நடுவில் மூன்றே புகைவண்டிகளில் 7,503 பேரை அவுஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அவ்வூருக்கென அச்சிட்ட காசு நோட்டுகளில் பத்துக் கற்பனைப் பலகைகளை ஏந்திய மோயீசனின் படம் இருந்தது. அந்நோட்டுக்கு வாங்கத்தக்க பொருள்தான் இல்லை. வந்தவர்கள் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். செஞ்சிலுவைப் பிரதிநிதியின் அறிக்கை நாஸிகளுக்குச் சாதகமாகவே அமைந்தது.

போட்ட வேடத்தை ஏன் வீணாக்குவான் என்று எண்ணினார்கள் போலும். அதைப் படமாக்கிவிடத் தீர்மானித்தார்கள். கமராவும் கமராக்காரரும் பிராக் நகரத்துச் செக் கம்பனி ஒன்றிலிருந்து வந்தார்கள். படத்தை எழுதி நெறிப்படுத்தும்படி கைதியான கெரோனுக்குக் கட்டளை வந்தது. மறுத்தால் அடுத்த புகைவண்டி. அவர் மாத்திரமல்ல, ஒல்காவும்.

ஓகஸ்ட் 16 தொடங்கிச் செப்டெம்பர் 11 வரையுள்ள நாட்களில் படப்பிடிப்பு நடந்தது. படைவீடொன்றின் முற்றத்தில் உதைபந்தாட்டம், மாடிகள் நிறையச் சனங்கள். நூல்நிலையம். தொழிற்சாலைகள். ஆற்றிலே நீச்சல். தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் பெண்கள். பாணும் வெண்ணெயும் தின்னும் குழந்தைகள். பாவெல் ஹாஸ் என்ற கைதி எழுதிய இசையைக் கரெல் அன்செர்ல் என்ற கைதி நெறிப்படுத்த, முழு வாத்தியக் குழுவும் வாசிக்கிறது. ஹான்ஸ் கிராசா எழுதிய ‘புரூண்டிபார்’ என்ற பிள்ளைகள் இசைநாடகத்தின் கடைசிக் காட்சியும் எடுக்கப்பட்டது. கெட்டவனை வென்ற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாடும் காட்சி அது. கமரா நின்றதும் எல்லாம் பழையபடி. ஒவ்வொரு காட்சிக்கும் ஆயுதம் தாங்கிய காவலர்கள் கமராவின் பின்னால், படத்தில் விழாத இடத்தில் நின்றார்கள்.

கூட்டத்தின் நடுவே பருத்த உடல் வியர்க்க ஓடித்திரிந்து, சிரிக்கும்படியும் கைதட்டும்படியும் சனங்களை ஏவிக்கொண்டிருந்தவர் கெரோன். உயிர் தப்பிய கைதிகள் சிலர் அவரைக் கசப்போடுதான் நினைவுகூர்ந்தனர். எதிரிக்காக இவ்வளவு சிரத்தையா என்று கேட்டார்கள். வேறு சிலர், வேலையில் மூழ்கி அவர் தம் நிலையையே மறந்துவிட்டார் என்றார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் படப்பிடிப்பின் நடுவே வெளியேற்றப்பட்ட நெறியாளரின் கையில் மீண்டும் ஒரு பெரிய படம் கிடைத்திருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. வாசகரே, உங்களை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மனைவி பக்கத்தில், பெற்றோர் போய்விட்டார்கள், சொன்னதைச் செய்தால் இன்னும் ஒரு கிழமை. அவர் செய்தது சரியென்று நாம் சொல்லவரவில்லை. அப்படம் பொய், அப்பொய்க்கு அவர் தம் முழுத் திறமையையும் கொடுத்தார். ஆனால் அவரைக் குறைகூறும் உரிமை அங்கே பசித்துக் கிடந்தவர்களுக்கே உண்டு. சாய்வுநாற்காலியில் இருந்து பத்திரிகை வாசிக்கும் நமக்கு அன்று. குற்றத்தைச் செய்தவர்கள் கமராவின் பின்னால் நின்றவர்கள்.

படப்பிடிப்பு முடிந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. செப்டெம்பர் 28 இல் மீண்டும் புகைவண்டிகள் ஓடத் தொடங்கின. ஒரு மாதத்துக்குள் பதினொரு வண்டிகளில் 18,402 பேர் அவுஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கமராவின் முன் சிரித்த முகங்களுள் பெரும்பாலானவை அவற்றிலே போயின. புரூண்டிபாரிற் பாடிய பிள்ளைகள், அதற்கு இசை எழுதிய கிராசா, பாவெல் ஹாஸ் எல்லோரும் போனார்கள். கடைசி வண்டி ஒக்டோபர் 28 இல் புறப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். அவர்களுள் கூர்ட் கெரோனும் மனைவி ஒல்காவும். 30 ஆந் திகதி வண்டி அவுஷ்விட்சை அடைந்தது. வந்திறங்கியோரிற் பெரும்பகுதியினரோடு அவர்களும் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். கெரோனுக்கு அப்போது வயது 47. சில நாட்களில் அவுஷ்விட்சின் நச்சுவாயு அறைகள் நிறுத்தப்பட்டன. சோவியத் படைகள் நெருங்கிக்கொண்டிருந்தபடியால் தடயங்களை அழிக்கும் வேலை தொடங்கியிருந்தது.

அவர் எடுத்த படத்தைத் தொகுத்துப் பார்க்க அவரை விடவில்லை. செக் கமராக்காரரைக் கொண்டே தொகுத்தார்கள். 1945 மார்ச்சிலேதான் அது முடிந்தது. ஏப்ரலில் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் உட்பட ஒருசிலருக்கு மாத்திரம் காட்டப்பட்டது. அடுத்த மாதம் ஹிட்லரின் ஆட்சியே இல்லை. பொதுமக்களின் படமாளிகை ஒன்றிலேனும் அது ஓடவில்லை. எந்தப் பொய்க்காக அத்தனை பேர் சிரிக்கவைக்கப்பட்டார்களோ, அந்தப் பொய் யாரிடமும் போய்ச் சேரவில்லை.

‘ஹிட்லர் யூதருக்கு ஒரு நகரத்தைப் பரிசளிக்கிறார்’ என்ற தலைப்பில் இன்று பலரும் அப்படத்தைக் குறிப்பிடுகின்றனர். அது கைதிகள் கேலியாக இட்ட பெயர். உண்மைத் தலைப்பு அதுவன்று. முழுப்படமும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய இருபது நிமிடத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. படப்பிடிப்பின்போது யோ ஸ்பியர் என்ற ஒல்லாந்துச் சித்திரக்காரர், அவரும் கைதியே, காட்சிகளைப் படமாக வரைந்து வைத்தார். காணாமற்போன பகுதிகளைப் பற்றி அறிய அவை உதவுகின்றன. அவர் உயிர் தப்பினார். வாத்தியக் குழுவை நெறிப்படுத்திய அன்செர்லும், ஜாஸ் வாசித்த மார்ட்டின் ரோமனும் தப்பினார்கள்.

எஞ்சிய துண்டுகளை ஆராய்ச்சியாளர்கள் படம்படமாக நிறுத்தி, அதிலுள்ளவர்கள் யார் யாரென்று அடையாளங் கண்டிருக்கிறார்கள். தங்கள் தாயையோ, மாமனையோ, சின்னஞ்சிறு தம்பியையோ கடைசியாக உயிரோடு காண, அந்தத் துண்டுகளைத் தவிர வேறெதுவும் இல்லாத குடும்பங்கள் உண்டு. உதைபந்தாட்டத்தைப் பார்க்கும் கூட்டத்தில், பாண்துண்டைக் கடிக்கும் பிள்ளைகளின் வரிசையில், அவர்கள் தங்கள் ஆட்களைத் தேடுகிறார்கள்.